வாயில்லாப்பூச்சி சொன்னது

வீடு பார்த்தாயிற்று. பிடித்தும் விட்டது. மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. போன வாரம் கதை அங்கேதான் நின்றது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இன்னும் நாலு வரி. மருமகளுக்கும் அவள் கணவனுக்கும் ஒரே தொழில். கணினிக்கு நிரல் எழுதுவது. அலுவலகம் அவர்களுடைய படுக்கையறை. கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவள் மேசை, அந்தப் பக்கம் அவன் மேசை. அவள் வாடிக்கையாளரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது மாமனார் இடுப்பில் துண்டோடு உள்ளே வந்து மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். கண்ணாடி அவர் நெற்றியில் இருக்கும். அதை வாடிக்கையாளர்தான் சொல்வார். மாமனார் திரையைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு, சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பார். அதற்குப் பிறகு வாடிக்கையாளருக்கும் அவருக்கும் பேச்சு நீளும்.

ஆகவே தனிவீடு.

மாமியாரிடம் சொல்லும் வேலையை மருமகள் தானே எடுத்துக்கொண்டாள். வேறு யார் வாயிலிருந்தும் அவர் இதைக் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் "பிரிச்சுக்கிட்டுப் போறா" என்றாகிவிடும். இவளே சொன்னால் "சொல்லிட்டுப் போறா". இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆயுள் அளவு தூரம்.

நல்ல வேளை பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தாள். அதற்கு இருந்த ஒரே ஆபத்து அவள் கணவன்.

அவனிடம் ரகசியம் சொல்வது சல்லடையில் தண்ணீர் பிடிப்பது. பெற்ற தாயே அவனுக்கு ஓட்டைவாய் என்று பெயர் வைத்திருந்தார். பிறந்தநாள் பரிசைக் கொடுக்கும் முன்பே என்ன பரிசு என்று சொல்லிவிடுவான். சீட்டாட்டத்தில் யாரும் அவனுக்குக் கூட்டாளியாக வரமாட்டார்கள்.

தொழிலிலும் அப்படித்தான். ஒரு நிரலுக்கு நாலைந்து கடவுச்சொல் தேவைப்படும். தரவுகளைத் திறக்க ஒன்று, குறுஞ்செய்தி அனுப்ப ஒன்று, இப்படி. முன்பெல்லாம் அவன் அவற்றை நிரலுக்குள்ளேயே எழுதிவைப்பான். நிரல் போகிற இடமெல்லாம் அவையும் போகும். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவரின் அஞ்சல் பெட்டிக் கடவுச்சொல், முன்பின் தெரியாத பல பேருக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் ஒருவர் மட்டும், கடவுச்சொல்லில் எழுத்து இன்னும் கொஞ்சம் கூட்டினால் நல்லது என்று பதில் போட்டிருந்தார்.

அன்றைக்கு மருமகள் ஒரு கருவியைக் கொண்டுவந்தாள். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு கட்டளை. அவ்வளவுதான் அது. கடவுச்சொற்கள் எல்லாம் ஒரு பெட்டகத்தில் இருக்கும். நிரலை ஓட்டும்போது இந்தக் கட்டளையை முன்னால் சேர்த்து அடிக்க வேண்டும். கருவி பெட்டகத்தைத் திறந்து, வேண்டியதை மட்டும் எடுத்து, நிரலின் காதில் ஓதிவிடும். நிரல் நின்றதும் ஓதியது மறைந்துவிடும். எந்தக் கோப்பிலும் எழுதிவைக்காது. நிரல் தவறிப்போய் ஒரு கடவுச்சொல்லைத் திரையில் உளறினால், அந்த இடத்தில் நட்சத்திரங்களைப் போட்டு மூடிவிடும்.

கணவன் அதற்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர் வைத்தான். கொஞ்சம் பொறாமையோடுதான்.

இன்றைக்கு அந்த வாயில்லாப்பூச்சிக்கு வெள்ளோட்டம்.

வாடிக்கையாளர் வெளியாள் இல்லை. மாமியாரின் தம்பி. வீட்டுத் தரகர். கணவனுக்குத் தாய்மாமன், அவளுக்கு முறைப்படி சித்தப்பா. கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே அவருடைய அலுவலகம். நிமிர்ந்தால் தலையில் இடிக்கும். அதனால் வருகிறவர்கள் எல்லாரும் பணிவாகவே நுழைவார்கள். சுவரில் ஆணி வரிசை, ஆணிகளில் சாவிகள். ஒவ்வொரு சாவியிலும் நூலில் கட்டிய அட்டைத் துண்டு.

அவர் கேட்டது எளிய விஷயம். வீடு தேடுகிறவர்கள் கைபேசியில் கேள்வி அனுப்புவார்கள். நிரல் பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அவர் மதியம் தூங்கலாம்.

குறுஞ்செய்தி நிறுவனத்தின் கடவுச்சொல் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் பதிலைக் கறுப்புத் திரையிலேயே காட்டிவிடலாம் என்று மருமகள் முடிவு செய்திருந்தாள். பெட்டகத்தில் ஓர் இடம் காலியாக இருந்தால் வாயில்லாப்பூச்சி நிரலை ஓட விடாது. அந்த இடத்தில் தற்காலிகமாக ஏதாவது ஒரு சொல்லைப் போட்டுவை என்று நேற்றே கணவனிடம் சொல்லியிருந்தாள்.

ஏதாவது ஒரு சொல். அவள் சொன்னது அவ்வளவுதான்.

மருமகளும் கணவனும் மடிக்கணினியோடு அங்கே போனார்கள். தரகர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மருமகள் கட்டளையை அடித்தாள். நிரல் ஓடியது. மாடி போர்ஷன் கேட்டுப் பார்த்தார். வரிசையாக வந்தது. எந்த மாடி, எத்தனை அறை, தண்ணீர் எப்போது வரும், எல்லாம் சரி. தரகருக்கு முகமெல்லாம் பல். அடுத்து, காசுள்ள பார்ட்டி ஒன்று பெரிய வீடாகக் கேட்டால் என்ன சொல்கிறது பார்ப்போம் என்றார்.

அடித்தாள். திரையில் இப்படி வந்தது:

******, மூன்று அறை, பின்னால் கிணறு.
******, இரண்டு அறை, நாய் வளர்க்கலாம்.
******, நான்கு அறை, உரிமையாளர் வெளியூர்.

தரகர் திரைக்குக் கிட்டே குனிந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டார். தன் பட்டியலில் அந்த இடத்தில் 'தனிவீடு' என்று இருக்க வேண்டும் என்றார்.

மருமகள் நிரலைப் பார்த்தாள். பட்டியலைப் பார்த்தாள். பட்டியலில் அந்தச் சொல் இருந்தது. திரைக்கு வரும்போது நட்சத்திரங்களாகிவிட்டது. இது பிழை இல்லை, பாதுகாப்பு என்று ஆரம்பித்துக் கருவியின் பெருமையை அவருக்கு எடுத்துச் சொன்னாள். பெட்டகத்தில் ரகசியமாக வைத்த சொல் எதுவாக இருந்தாலும் இது வெளியே விடாது, எங்கே பார்த்தாலும் மூடிவிடும், எதற்காக வந்தது என்றெல்லாம் கேட்காது, அவ்வளவு விசுவாசம் என்றாள்.

சொல்லி முடிக்கும்போதே அவள் குரல் இறங்கியது.

"அப்போ தனிவீடுங்கறது ரகசியமா?" என்றார் தரகர்.

மருமகள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சாவிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

பெரியவர்கள் முன்னால் அவனை அவள் "நீங்க" என்பாள். வேலையில் "நீ". இப்போது எது என்று யோசிக்கவில்லை.

"நீ என்ன வார்த்தை போட்ட?"

அவன் சொல்லத் தேவையே இல்லை. வீடு பார்த்த நாளிலிருந்து அந்தச் சொல்லை வாயில் வராமல் காத்துவந்தான். விரலுக்குக் காவல் போட மறந்துவிட்டான்.

தரகர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பியபோது அவர் முகம் மாறியிருந்தது. நெற்றியில் வேர்வை.

"மாப்ள, உண்மையச் சொல்லு. யாரு சொன்னா உனக்கு?"

"மாமா, நாங்களே சொல்லலாம்னுதான் இருந்தோம்."

"யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா."

"யாரு?"

"உங்கம்மா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாமயா? அவதான பாக்கச் சொன்னா."

"எங்களுக்கா?"

"உங்களுக்கு எதுக்குடா? அவளுக்கு."

மாடிப்படியில் யாரோ ஏறிப் போனார்கள். தலைக்கு மேலே ஒவ்வொரு அடியும் கேட்டது.

மருமகள்தான் முதலில் சுதாரித்தாள். அத்தைக்கு எதற்கு வீடு என்று மெதுவாகக் கேட்டாள். தரகர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் பாதி இறங்கிய மாத்திரையைத் துப்ப முடியாது. அக்கா ஒருநாள் வந்து, சின்னதாக ஒரு வீடு பார் என்று சொன்னாளாம். ஓர் அறை, ஒரு சமையலறை. மேல்வீடும் கூடாது, பக்கத்துச் சுவரும் கூடாது, யார் சத்தமும் கேட்கக் கூடாது. தனிவீடாக இருக்க வேண்டும். யாருக்கு என்று இவர் கேட்டிருக்கிறார்.

"எனக்குன்னா. அத்தானும் நீயுமான்னு கேட்டேன். ஒரு ஆளுக்குப் போதும்னுட்டா."

கணவன் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தது தரகருடைய நாற்காலி. அவர் மனம் அப்போதுதான் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இரு. நாங்களே சொல்லலாம்னு இருந்தோம்னியே. என்னத்த?"

சல்லடையில் மிச்சம் இருந்த தண்ணீரும் இறங்கியது. பார்த்த வீடு, பிடித்த வீடு, முன் வாசல், பின் வாசல், எல்லாவற்றையும் கணவன் சொல்லிவிட்டான். பாலத்துக்குக் கீழே கடை வைத்திருக்கிற தரகர்தான் காட்டினார் என்பதையும் சேர்த்துச் சொன்னான். அதை மட்டும் விட்டிருக்கலாம்.

தரகருக்கு அக்காவின் ரகசியம் மறந்துபோயிற்று.

"அந்தப் பாலத்தடி ஆளா? ஈரச் சுவத்துல காலண்டர மாட்டி மறைக்கிறவன்டா அவன். வீட்டுக்குள்ள ஒரு தரகன வச்சுக்கிட்டு அவன்கிட்டப் போயிருக்கியே. கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைவாங்களா?"

உங்களிடம் சொன்னால் அம்மா காதுக்குப் போய்விடும் என்றுதான் சொல்லவில்லை என்றான் கணவன். தரகருக்கு இன்னும் வலித்தது. தன்னிடம் வந்த ரகசியம் தன்னோடு மண்ணுக்குள் போகும் என்றார். இப்போதுதான் ஒன்றை நடுக்கடையில் கொட்டியவர் அவர்.

பார்த்த வீட்டில் எத்தனை காலண்டர் மாட்டியிருந்தது என்று மருமகள் யோசித்துப் பார்த்தாள். நிறையவே.

கடைசியில் மூன்று பேரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இவர் சொன்னதை அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் சொன்னதை இவர் கேட்கவில்லை. இன்று யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மருமகள் பெட்டகத்தைத் திறந்தாள். அந்த இடத்தில் தலையும் காலும் புரியாத எழுத்துகளை நிரப்பினாள். மறுபடி ஓட்டினாள். தனிவீடு, தனிவீடு, தனிவீடு என்று பட்டியல் பளிச்சென்று வந்தது. தரகர் வேலை பிடித்திருக்கிறது என்றார். ஆனால் இது ரகசியத்தை மறைக்கிற கருவியா, விரல் நீட்டிக் காட்டுகிற கருவியா என்று மட்டும் தனக்கு விளங்கவில்லை என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் சோறு மேடாகத்தான் தெரியும் என்று முணுமுணுத்தார்.

"என்ன வார்த்தை போட்ட?" என்று கணவன் கேட்டான்.

"நீ இங்கயே இரு," என்றாள் மருமகள்.

நேராக மாமியாரிடம் போனாள். நல்ல வேளை பார்ப்பதற்கு இனி நேரம் இல்லை. அவள் கணவன் ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம். இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் ஓர் ஒப்பந்தம் எவ்வளவு நேரம் தாங்கும்?

மாமியார் மருந்துக் கடையில் மருந்தாளர். வேலைக்கு வந்த நாளிலிருந்து அதே கடை. தெருவில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குத் தூக்கம் வராது, யார் வீட்டில் குழந்தைக்காக மருந்து சாப்பிடுகிறார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். வீட்டில் ஒரு சொல் சொன்னதில்லை. வந்தவருக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, கத்தரித்து, உறையில் போட்டு நீட்டுவார்.

மருமகள் வரிசையில் நின்றாள். முறை வந்தது.

"அத்தை, ஒண்ணு சொல்லணும்."

"சீட்டு இருக்கா?" என்றார் மாமியார், நிமிராமல்.

"நான்தான் அத்தை."

மாமியார் நிமிர்ந்தார். கவுண்டரின் ஓரத்தைக் காட்டினார். மருமகள் இருமல் மருந்து அடுக்கின் பக்கத்தில் போய் நின்றாள். மாமியார் அடுத்தவரின் சீட்டை வாங்கிப் படித்துக்கொண்டே, சொல் என்றார்.

"நாங்க தனிவீடு பாத்திருக்கோம்."

கத்தரி நின்றது. பிறகு நடந்தது. மாமியார் மாத்திரையை உறையில் போட்டு, சாப்பாட்டுக்குப் பின் என்று எழுதி, அந்த மனிதரிடம் கொடுத்தார்.

"எப்போ?"

"அடுத்த மாசம்."

"அடுத்த மாசமா?"

மாமியாரின் முகம் விழுந்தது. மருமகள் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னாள். பிரிந்து போகவில்லை, கொஞ்சம் தள்ளிப் போகிறோம். வாராவாரம் வருவோம். ஓர் அழைப்பு போதும், ஓடி வந்துவிடுவோம். மாமியார் கையைத் தூக்கினார். சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்பவர்களுக்குத் தூக்குகிற கை.

"வாராவாரம் வர்றதெல்லாம் இருக்கட்டும். அடுத்த மாசம் நான்ல போறேன்."

மருமகள் கண்களை அகல விரித்தாள். எங்கே அத்தை என்று கேட்டாள்.

"நடிக்காத. என் தம்பி இப்பதான் போன் பண்ணினான். நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லலக்கான்னு ஆரம்பிச்சான். அப்பவே புரிஞ்சுபோச்சு."

மருமகள் கண்களைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள். மாமனார் மேலே ஏதாவது கோபமா என்று தணிந்த குரலில் கேட்டாள்.

கோபமே இல்லை என்றார் மாமியார். தங்கமான மனிதர். குடி இல்லை, கைநீட்டல் இல்லை, சாப்பாட்டில் குறை சொன்னதில்லை. பேச்சுத்தான். நாள் முழுக்க மாமியார் இந்தக் கவுண்டரில் ஊரின் வியாதியைக் கேட்கிறார். வீட்டுக் கதவைத் திறந்தால் மாமனார் தயாராக நிற்பார். தொலைக்காட்சியில் யார் என்ன சொன்னார்கள், எதிர் வீட்டுக்காரர் வண்டியை எப்படி நிறுத்தினார், காகம் எதைக் கொத்திக்கொண்டு போனது. செருப்பைக் கழற்றுவதற்குள் பாதி நாளின் கதை வந்துவிடும். வேலையை விட்டு ஓய்வு பெற்றவர் பேச்சை விட்டும் கொஞ்சம் ஓய்வு பெற்றிருக்கலாம்.

"ஒரு கதவு. சாத்தினா சாத்தினதா இருக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது. ஞாயித்துக்கிழமை அவரு வரலாம். போன் பண்ணிட்டு வரணும்."

மருமகளுக்கு அது அப்படியே புரிந்தது. அவளும் கேட்டது அந்தக் கதவைத்தான். புரிந்ததுதான் சிக்கல்.

"அப்போ மாமா?"

"உங்க ரெண்டு பேர நம்பித்தான் விட்டுட்டுப் போறதா இருந்தேன்."

"நாங்க உங்கள நம்பித்தான் அத்தை."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து இந்த இரண்டு பேருக்கும் ஒரு சண்டை வந்ததில்லை. உப்புக்குக்கூட.

"நான் முதல்ல கேட்டேன்," என்றார் மாமியார்.

"நாங்க முதல்ல பாத்தோம்."

"உனக்கு வயசு இருக்கு. இன்னும் பத்து வீடு பாப்ப."

"உங்களுக்கு அனுபவம் இருக்கு அத்தை. மாமாவச் சமாளிக்கத் தெரியும். எங்களுக்குத் தெரியாது."

வரிசையில் நின்ற ஒரு பெண் இருமினாள். நோய் இருமல் இல்லை, ஞாபகப்படுத்துகிற இருமல். மாமியார் சீட்டை வாங்கினார், மருந்தை எடுத்தார், கொடுத்தார். அடுத்தவர் முன்னால் வந்தார்.

"கண்ணுல விடற சொட்டு மருந்து," என்றது குரல்.

"சீட்டு இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாமியார் நிமிர்ந்தார்.

மாமனார்.

எவ்வளவு நேரமாக வரிசையில் நின்றார் என்று தெரியவில்லை. இருமிய பெண்ணுக்குப் பின்னால்தான் நின்றிருக்க வேண்டும். இவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்ததை இருவரும் பார்த்ததே இல்லை. மருமகளுக்கு அதுதான் முதலில் பயமாக இருந்தது.

"நீ போற," என்றார் மனைவியைப் பார்த்து. மருமகளைப் பார்த்தார். "நீங்களும் போறீங்க."

மருமகள் இருமல் மருந்து அடுக்கைப் பார்த்தாள்.

"அப்போ வீட்டுல நான் மட்டுமா?"

மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமியார் கத்தரியைக் கீழே வைத்தார். கவுண்டரின் பலகையைத் தூக்கி வழிவிட்டு, உள்ளே வந்து உட்காருங்கள் என்றார். அந்தக் கடையில் அவரை உள்ளே அழைத்தது இதுதான் முதல் தடவை. மாமனார் வரவில்லை. பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எதையோ யோசித்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறவர் போல இருந்தார்.

"கூடத்துல இருக்கற டிவிய," என்று மெல்லக் கேட்டார், "படுக்கை ரூமுக்கு மாத்திக்கலாமா?"

அவர் முகத்தில் வருத்தம் எங்கேயும் இல்லை. மாமியார் தேடிப் பார்த்தார். மருந்துச் சீட்டில் மருத்துவர் கிறுக்கியதைப் படிக்கிற கண். அந்தக் கண்ணுக்குத் தப்பாது. மாமனாரின் கன்னத்தில், வாயோரத்தில், புருவத்தில், எல்லா இடத்திலும் ஒரே ஒரு சங்கதிதான் எழுதியிருந்தது: சந்தோஷம்.

மாமியார் பலகையை இறக்கினார்.

"யாரு சொன்னா நான் போறேன்னு?" என்றார்.

வரிசையில் அடுத்தவர் சீட்டை நீட்டினார். யாரும் வாங்கவில்லை.